கழற்ற மறந்த காலர் மைக்

கடலூரில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஆரோக்கிய ராணிக்கு இரண்டு நிகழ்ச்சிகள் கேட்கும். ஒன்று கூட்டம் முழுக்கக் கேட்பது. இன்னொன்று அவள் ஹெட்ஃபோனில் மட்டும் கேட்பது.

அவள் மைக் செட் போடுகிறவள். 'ராணி சவுண்ட்ஸ்' என்று லோடு ஆட்டோவில் எழுதியிருக்கும். தொழிலில் மற்ற எல்லாம் இரும்பும் ஒயரும்தான். வில்லங்கம் பிடித்த ஒரே சாமான் காலர் மைக். குண்டுமணி அளவு மைக்கைச் சட்டையில் கவ்வவிட்டு, அதன் டப்பாவை இடுப்பில் செருகிவிட்டால் போதும், கொஞ்ச நேரத்தில் மனிதர்கள் அதை மறந்துவிடுவார்கள். பேசி முடித்து மேடையை விட்டு இறங்கியதும் ராணி மிக்ஸரில் அந்தச் சத்தத்தைக் குறைத்துவிடுவாள், கூட்டத்துக்குக் கேட்காது. ஆனால் இடுப்பில் இருக்கும் டப்பாவுக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். மாப்பிள்ளையின் பெரியப்பா சாம்பாரைத் திட்டுவார். தலைமை தாங்கியவர் முன்னிலை வகித்தவரைத் திட்டுவார். வாழ்க வளமுடன் என்று சொல்லி இறங்கியவர், "எப்பா, என்னா மூஞ்சிடா அந்தப் பையனுக்கு" என்பார்.

தொழிலுக்கு வந்த புதிதில் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். வாழ்த்திப் பேசிய பெரியவர் காலர் மைக்கோடு கொல்லைப்பக்கம் போய்விட்டார். அன்றைக்கு ராணி சத்தத்தைக் குறைக்க மறந்திருந்தாள். அவர் போன காரியம் ஆரம்பம் முதல் முடிவு வரை, கடைசியில் விட்ட பெருமூச்சு உட்பட, மண்டபத்தின் எல்லா ஸ்பீக்கரிலும் ஒலிபரப்பானது. பெரியவர் திரும்பி வந்தபோது சனம் எழுந்து நின்று கை தட்டியது. அவரும் வாழ்த்துரைக்குத்தான் கை தட்டுகிறார்கள் என்று கும்பிடு போட்டார்.

அன்று இரவே ராணி தனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். ஆள் இறங்கியதும் சத்தத்தைக் குறைக்க வேண்டும். மைக் ஆனில் இருப்பது தெரிந்தால் அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்ல வேண்டும். காதில் விழுந்ததை யாரிடமும் சொல்லக் கூடாது. புருஷன் மரிய அருளிடம்கூட. அவன் செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வந்து, "இன்னிக்கு என்னா கேட்ட?" என்று சோற்றுத் தட்டோடு கெஞ்சுவான். "மங்கள வாத்தியம் கேட்டேன்" என்பாள்.

சிதம்பரம் அவளுக்கு இன்னொன்றும் கொடுத்திருந்தது. அங்கேதான் எலக்ட்ரானிக்ஸ் படித்தாள். திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறிப் போய் வந்த படிப்பு. பாதி பாடம் ரயிலிலேயே இறங்கிவிடும். ஒன்று மட்டும் இறங்கவில்லை. ஃபேஸ் லாக்டு லூப், சுருக்கமாக பி.எல்.எல். லேப்பில் அதைச் செய்து பார்த்த நாளை அவள் கல்யாண நாளைவிட நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறாள். திரையில் இரண்டு அலைகள். ஒன்று வெளியிலிருந்து வருவது; மற்றது சர்க்யூட் தானாக உண்டாக்குவது. இரண்டும் ஆளுக்கொரு வேகத்தில் தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தன. குமிழை மெதுவாகத் திருகினாள். சட்டென்று இரண்டும் ஒன்றையொன்று பார்த்தது போல அப்படியே நின்றன. அதன் பிறகு வெளி அலையைக் கொஞ்சம் கூட்டினால் உள் அலையும் கூடியது, குறைத்தால் குறைந்தது. எவ்வளவு முந்துகிறோம், எவ்வளவு பிந்துகிறோம் என்று ஓயாமல் ஒத்துப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டே வந்தது. ரொம்ப தூரம் இழுத்தால்தான் கை நழுவியது. நழுவிய பிறகு மறுபடி பிடிக்க, நழுவிய இடத்தைவிடக் கிட்டே வர வேண்டியிருந்தது.

"புடிக்கிறதுக்குக் கிட்ட இருக்கணும். புடிச்சப்புறம் கொஞ்சம் தள்ளிப் போனாலும் வுடாது" என்று அன்று ரயிலில் பக்கத்தில் இருந்த கீரைக்காரம்மாவிடம் விளக்கினாள்.

"எங்கூட்டுக்காரரும் அப்படித்தான் இருந்தாரு. இப்ப தள்ளிப் போனா நிம்மதின்றாரு" என்றாள் அந்தம்மா.

பின்னாளில் மைக் வாங்கக் கடைக்குப் போனபோது டப்பாவின் மேல் 'பி.எல்.எல்.' என்று போட்டிருந்தது. பழைய சிநேகிதியை ஊர் தெரியாத இடத்தில் பார்த்த மாதிரி இருந்தது. பொத்தானை அமுக்கினால் சேனல் மாறும். மாறிய இடத்தில் ஆணி அடித்தாற்போல் நிற்கும். கடலூரில் முதன்முதலாக அதை வாங்கியது ராணிதான்.

சேனல் விஷயத்தில் கடலூர் மைக் செட்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லாருடைய மைக்கும் ஆறாம் சேனலில்தான் இருக்கும். முகூர்த்த நாளில் ஒருவருடைய மைக் மக்கர் பண்ணினால் இன்னொருவரிடம் ஓடிப் போய் வாங்கி வருவார்கள். யார் மைக்கும் யார் ரிசீவரிலும் பேச வேண்டும். அடுத்தடுத்த மண்டபத்தில் இரண்டு செட் வந்துவிட்டால் முன்கூட்டியே போன் வந்துவிடும். பழைய மைக்குகளில் சேனல் மாற்ற முடியாது. அதனால் நகர்வது எப்போதும் ராணிதான். "தங்கச்சி, எதிர்த்தாப்புல நான் இருக்கேன், கொஞ்சம் நகந்துக்கோ" என்பார் கலைமணி. திருப்பாதிரிப்புலியூரில் செட் வைத்திருப்பவர், அருளோடு பள்ளியில் படித்தவர், போட்டிக்காரர். ராணி ஒன்பதாம் சேனலுக்கு நகர்ந்துகொள்வாள். போன் பண்ணாமல் பக்கத்தில் வந்து செட் போடுவது, பந்தியில் இலையைத் தாண்டிப் போவதைவிட மரியாதைக்கேடு.

இப்போது திருவிழா விஷயத்துக்கு வர வேண்டும்.

நெல்லிக்குப்பம் சாலையோரம் இருக்கும் அவர்கள் பங்குக் கோயிலில் ஆவணி கடைசியில் மாதா தேர்ப் பவனி. தேர் ஆட்களின் தோளில் நகரும், செபம் சொல்கிறவர் தேரோடு நடப்பார், அவர் குரல் முன்னால் போகிறவர்களுக்கும் பின்னால் வருகிறவர்களுக்கும் கோயிலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். கல்யாணத்துக்கு மைக் செட் யாரும் போடலாம். தேருக்குப் போடுகிறவர்தான் ஊரில் மைக் செட்காரர். அந்த வேலை கைக்கு வரும் வரை ராணிக்குப் போன் போட்டவர்கள் எல்லாம், "வூட்டுல ஆம்பளைங்க இல்லியாம்மா?" என்றுதான் கேட்டார்கள். தேருக்குப் பிறகு அந்தக் கேள்வி நின்றது. தேர் கையை விட்டுப் போனால் அடுத்த நாளே அது திரும்பி வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

திருவிழாக் கமிட்டிச் செயலாளர் மரியலூர்து. நரைத்த மீசை, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. ராணியைக் கண்டால் ஆகாது. காரணம் அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். போன தவக்காலத்தில், கறி தொடக் கூடாத ஒரு வெள்ளிக்கிழமை, தியானம். ஒறுத்தல், உபவாசம், நாவடக்கம் என்று அறிவிப்புச் செய்துவிட்டு இறங்கிய மரியலூர்து காலர் மைக்கோடு கோயிலின் பின்பக்கம் போய், ஓட்டலுக்குப் போன் போட்டு, "ரெண்டு மட்டன் சுக்கா கட்டி வை. பின்வாசப் பக்கம் வரேன், முன்னால யாராச்சும் பாத்துடுவாங்க" என்றார். ராணி சட்டப்படி அவருக்கு ஒரு போன் போட்டாள்.

"அண்ணே, மைக் ஆன்ல இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். சிரிக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் மறுத்திருக்கலாம். சொல்லாமல் வைத்திருக்கிறவளை என்ன செய்வது? பூசையில் அவள் குனிந்தால்கூட சுக்காவை நினைத்துச் சிரிக்கிறாள் என்று தோன்றியது.

இந்த வருஷம் திருவிழாக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்த நாளில் பங்கு மண்டபத்தில் நடந்தது. செட் ராணியுடையது. எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் கல்யாண மண்டபத்திலும் செட் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் போன் பண்ணவில்லை. ஊர்க்காரன் சொல்லாமல் வரமாட்டான். ஆகவே புதுச்சேரி ஆள், வேறு சேனல் என்று ராணி முடிவு கட்டி ஆறிலேயே இருந்துவிட்டாள். கூட்டமும் தகராறு இல்லாமல் ஓடியது.

தேர் மைக் செட் பற்றிய பேச்சு வந்தபோது மரியலூர்து தொண்டையைச் செருமி, "அதை நான் பாத்துப் பேசி முடிவு பண்ணிக்கிறேன்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். இத்தனை வருஷமும் 'ராணி இருக்கால்ல' என்று ஒற்றை வரியில் முடிந்த பேச்சு அது.

கூட்டம் முடிந்து அவள் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருக்கையில் மரியலூர்து வேகமாக வெளியேறினார். காலர் மைக்கைக் கழற்றவில்லை. ராணி சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஹெட்ஃபோனை ஒரு காதில் வைத்தபடி அவர் நம்பரைத் தேடினாள். அவர் செருப்புச் சத்தம் கேட்டது. பஸ் ஹாரன் கேட்டது. சாலையின் நடுவே அவர் மூச்சுக்குப் பதில் வேறு ஒரு குரல் வந்தது.

"...பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு..."

மறுபடி செருப்பு. மறுபடி, "...மங்கையர் திலகமாம் மணமகளே..."

ராணியின் கை நின்றது. அந்தக் குரலை ஊருக்கே தெரியும். வாழ்த்துரைக்கென்றே வெள்ளை வேட்டி கட்டுகிற செந்தமிழ்செல்வன். அவர் குரல் இவள் ரிசீவரில் வருகிறதென்றால் அந்த மண்டபத்திலும் ஆறாம் சேனல். புதுச்சேரிக்காரன் இல்லை, உள்ளூர்க்காரன்.

எஃப்.எம். ரிசீவருக்கு ஒரு குணம். ஒரே சேனலில் இரண்டு மைக் பேசினால் இரண்டையும் கலந்து கொடுக்காது. எது வலுவாக வந்து சேர்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். மற்றது இருந்த இடம் தெரியாது. இதுவரை இரண்டு மண்டபத்து ரிசீவரும் தத்தம் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தன. இப்போது ஒரு மைக் சாலையைக் கடந்து எதிர் மண்டபத்துக்குள் நடந்து போகிறது.

ராணி மரியலூர்துக்குப் போன் போட்டாள். கூட்டத்துக்காகப் போனை அணைத்தவர் மறுபடி போட மறந்திருந்தார். ஹெட்ஃபோனில் கரகரப்புக்கு நடுவே ஜெனரேட்டர் சத்தம். அதற்கு மேலே அவர் கத்தல்.

"என்னா கலைமணி, இங்கயா நிக்கிற?"

கலைமணியா! போன் பண்ணாத காரணம் இப்போது புரிந்தது. பண்ணினால் இவள் எட்டிப் பார்ப்பாள். மரியலூர்து வருவதும் தெரிந்துவிடும். சரி, சட்டம் சட்டம்தான். ராணி கலைமணிக்குப் போன் போட்டாள். மணி அடிப்பது அவள் ஹெட்ஃபோனிலேயே கேட்டது.

"யாருய்யா?"

"உங்க ராணிதாண்ணே."

"எடுக்காத! மோப்பம் புடிச்சிருப்பா. கட் பண்ணு."

கட் ஆனது.

ராணி ஹெட்ஃபோனைக் கழற்றினாள். இனி அது தேவைப்படவில்லை. கல்யாண மண்டபத்து வாசல் வளைவில் கட்டியிருந்த ஸ்பீக்கர் சாலை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. "கட் பண்ணிட்டியா? சரி, விஷயத்துக்கு வா."

நடந்தது இதுதான். கலைமணி தன் ரிசீவரையும் மிக்ஸரையும் பக்கவாசல் ஜன்னல் ஓரம் வைத்திருந்தார். ரகசியம் பேச இருவரும் ஒதுங்கியது அந்த ஜன்னலுக்கு வெளியே, ஜெனரேட்டர் பக்கத்தில். சத்தத்துக்கு நடுவே பேசினால் யாருக்கும் கேட்காது என்று நம்பினார்கள். அந்தச் சத்தத்தில் ஒருவருக்கொருவர் கேட்க வேண்டுமென்று தொண்டை கிழியக் கத்தினார்கள். அதே சத்தத்தில் உள்ளே ஸ்பீக்கர் சொல்வது அவர்களுக்குக் கேட்கவில்லை. மேடையோ மண்டபத்தின் மறுகோடியில். செந்தமிழ்செல்வனின் மைக்கைவிட மரியலூர்தின் சட்டைதான் ரிசீவருக்குக் கிட்டே இருந்தது. ரிசீவர் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

ராணி சாலையோரம் வந்து நின்றாள். ஓடிப் போய் நிறுத்தியிருக்கலாம். ஆனால் சட்டத்தில் போன் பண்ணு என்றுதான் இருக்கிறது. ஓடு என்று இல்லை. இரண்டு பக்கமும் பார்த்தாள். நெல்லிக்குப்பம் பஸ் வந்தது, விட்டாள். தூரத்தில் ஒரு டிராக்டர் வந்தது. அது வந்து போகட்டும் என்று அதற்கும் நின்றாள். பத்திரமாகக் கடக்க வேண்டும் அல்லவா?

மண்டபத்துக்குள் செந்தமிழ்செல்வன் மணமக்களை நோக்கி இரு கைகளையும் விரித்து உதட்டை அசைத்தார். ஸ்பீக்கர் சொன்னது:

"தேர் வேலை உனக்குத்தான். நான் ஃபாதர்கிட்ட, ராணியே வேணாம்னுட்டா, ஒடம்பு முடியலையாம்னு சொல்லிடுறேன்."

முன்வரிசையில் மணமக்களை ஆசீர்வதிக்க வந்து உட்கார்ந்திருந்த பங்குத் தந்தை நிமிர்ந்தார்.

"அதுக்குத் தெரிஞ்சா?" இது கலைமணி, கொஞ்சம் எட்டத்திலிருந்து.

"அவளுக்கு எப்படித் தெரியும்? நீயும் நானுந்தான் பேசுறோம், மூணாவது காதுக்குப் போவுமா?"

மண்டபம் மொத்தமும் பந்திக்குப் போக எழுந்த இடத்தில் மறுபடி உட்கார்ந்தது. செந்தமிழ்செல்வன் மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார். பயனில்லை. ஆனாலும் பாதியில் நிறுத்திப் பழக்கமில்லாதவர். மணமகனின் தோளைத் தொட்டு உருக்கமாகத் தொடர்ந்தார்.

"அதுமேல உங்களுக்கு ஏண்ணே இவ்ளோ காட்டம்? நல்ல பொண்ணுதானே?"

"நல்ல பொண்ணு! அதாண்டா தொல்லை. தவக்காலத்துல, அதுவும் வெள்ளிக்கெழம, ஒரு சுக்கா சொன்னேன்..."

"சுக்காவா?"

"ரெண்டு. அத கேட்டுட்டா. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்ட சொல்லல தெரியுமா? என்னா அழுத்தம் பாரு!"

சிரிப்பு பெண்கள் பக்கத்தில் தொடங்கியது. மணப்பெண் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து அவள் அம்மா ஓடினாள். சமையல்காரர்கள் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். பங்குத் தந்தை கைக்குட்டையால் வாயை மூடியிருந்தார். அது கோபத்தாலா என்று பின்வரிசைக்குத் தெரியவில்லை.

டிராக்டர் போய்விட்டது. ராணி சாலையைக் கடந்து, பக்கவாசலைச் சுற்றி, ஜெனரேட்டர் அருகே வந்தாள். மரியலூர்தின் காதருகே போய், குரலை உயர்த்தாமல், பழைய அதே தொனியில் சொன்னாள்.

"அண்ணே, மைக் ஆன்ல இருக்கு."

மரியலூர்து தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பினார். உள்ளே நூற்றுக்கணக்கான முகங்கள். அவரைப் பார்க்காத ஒரே முகம் மேடையில் இருந்த செந்தமிழ்செல்வனுடையது. ராணி கை நீட்டி டப்பாவை அணைத்தாள். அந்தக் கணமே ரிசீவர் மேடை மைக்கைப் பிடித்துக்கொண்டது.

"...என்று கூறி, என் சிற்றுரையை நிறைவு செய்கிறேன்!"

அந்த மண்டபம் அதற்கு முன் அப்படிக் கை தட்டியதில்லை. செந்தமிழ்செல்வன் நெஞ்சில் கை வைத்து வணங்கினார்.

பங்குத் தந்தை வெளியே வந்தார். மரியலூர்து அவசரமாகத் தூணின் அழகைக் கவனிக்கத் தொடங்கினார்.

"என்னம்மா ராணி, நீங்களே வேணாம்னுட்டீங்களாமே? ஒடம்பு முடியலையாமே?"

"நானும் இப்பதான் ஃபாதர் கேள்விப்பட்டேன்."

"இப்ப எப்படி இருக்கு?"

"இப்ப ரொம்ப நல்லாருக்கு ஃபாதர்."

"அப்ப தேரைப் பாத்துக்குங்க." பிறகு தூணின் பக்கம் திரும்பி, "லூர்து, நீங்க இந்த வருஷம் தேரைத் தூக்குறீங்க. அந்த ரெண்டு சுக்காவும் செரிக்கணும்ல?" என்றார்.

கலைமணி சாயங்காலம் ராணி வீட்டுக்கு வந்தார். வாசலில் அருளைப் பார்த்து, "மச்சான், உம் பொண்டாட்டிகிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார். அருள் அன்றைக்குத்தான் முதல் முறையாக ஊர் மூலமாகவே எல்லாம் கேட்டுவிட்ட சந்தோஷத்தில் நாற்காலி எடுத்துப் போட்டான்.

"ஏன் தங்கச்சி, ஒருதரம் அடிச்சியே, இன்னொரு தரம் அடிச்சிருந்தா நான் எடுத்திருப்பேன்ல?"

"ரூல் ஒருதரந்தாண்ணே. நீங்க காலைல ஒருதரம் அடிச்சிருந்தா நானே நகந்திருப்பேன்."

கலைமணி தலையைச் சொறிந்தார். ராணி காப்பி கொண்டுவந்து வைத்தாள். தேருக்குப் பின்னால் போக ஒரு செட் வேண்டும், வருகிறீர்களா என்று கேட்டாள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஆறாம் சேனல்லயா?" என்றார் பயந்துபோய்.

"நீங்க ஆறுலயே இருங்க. நான் நகந்துக்கிறேன்."

திருவிழா அன்று தேர் கிளம்பும் முன் ராணி காலர் மைக்கை எடுத்துக்கொண்டு மரியலூர்திடம் போனாள். தேர் தூக்க நின்ற அவர் தோளில் துண்டு, ஏற்கெனவே வேர்வை. செயலாளர் என்ற முறையில் அவர்தான் தொடக்க அறிவிப்புச் செய்ய வேண்டும். அவர் இரண்டடி பின்வாங்கினார்.

"அது வேணாம். ஒயர் மைக் குடு."

"ஏண்ணே?"

"ஒயர் எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு என் கண்ணால எனக்குத் தெரியணும்."

ராணி ஒயர் மைக்கைக் கொடுத்தாள். அவர் அறிவித்தார். முடித்துவிட்டு மைக்கை மேசையில் நிறுத்தினார். ஒயரை ஒருமுறை கண்ணால் அளந்தார். திருப்தியோடு பக்கத்தில் இருந்தவர் காதில் குனிந்து என்னவோ சொன்னார்.

மேசையில் நிற்கிற ஒயர் மைக்கும் ஹெட்ஃபோனில் நன்றாகவே கேட்கும். அதை ராணி அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அவள் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு சட்டப்படி போனை எடுத்து, அவர் நம்பரை ஒரே ஒருதரம் அழுத்தினாள்.